ஹார்மோனியத்தோட ஒரு ராப்பர்: பாவலர் வரதராஜன்

ஹாஸ்டல்ல எங்க ரூம் சுவத்துல டூபாக் போஸ்டர் ஒண்ணு இருக்கு. ஒட்டினது நான் இல்ல, ரூம்மேட். ராத்திரி சாப்பாடு முடிஞ்சா தினமும் அங்க ஒரு பஞ்சாயத்து நடக்கும்: டூபாக் பெருசா, எமினெம் பெருசா, இல்ல கென்ட்ரிக் லமாரா? போன செமஸ்டர்ல ஒரு நாள் நான் சும்மா இருக்காம, எங்க ஊர்ப் பக்கமும் ஒரு ராப்பர் இருந்தார்டா, அமெரிக்காவுல ராப் பிறக்கறதுக்குப் பதினஞ்சு வருஷம் முன்னாடியேனு சொல்லிட்டேன். எல்லாரும் சிரிச்சாங்க. பேர் கேட்டாங்க. பாவலர் வரதராஜன்னு சொன்னேன். ஒருத்தனுக்கும் தெரியல. இளையராஜாவோட அண்ணன்னு சொன்னதும், ஓ அப்படியானு எல்லாரும் இளையராஜாவைப் பத்திப் பேச ஆரம்பிச்சுட்டாங்க. வரதராஜன் பத்தின பேச்சு அதோட முடிஞ்சது.

இந்தக் கட்டுரை அந்த ராத்திரியோட பாக்கி. இதுல இளையராஜா வருவார், ஆனா தம்பியா மட்டும் தான் வருவார்.

ராப்பர்னு நான் சும்மா பில்டப்புக்காகச் சொல்லல. ஹிப் ஹாப் பிறந்த நாள்னு உலகம் முழுக்கக் கொண்டாடுற தேதி 1973 ஆகஸ்ட் 11. நியூயார்க்ல பிராங்ஸ் ஏரியா, செட்ஜ்விக் அவென்யூ 1520-ம் நம்பர் அபார்ட்மெண்ட்ல ஒரு பார்ட்டி. டிஜே கூல் ஹெர்க்னு ஒரு பையன், வேற யாரோ போட்ட ரெக்கார்டுகள்ல டிரம்ஸ் மட்டும் வர்ற இடத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டினார். அதுக்கு மேல மைக்ல வார்த்தை. ஸ்டுடியோ கிடையாது, சொந்த பேண்டு கிடையாது, காசும் கிடையாது. அடுத்தவன் இசையை எடுத்து நம்ம தெருவோட கதையைச் சொல்றது, முன்னாடி நிக்கிற கூட்டத்தைக் கையில வச்சுக்கிறது, மேல உக்காந்திருக்கிறவனைக் கலாய்க்கிறது. ராப்போட ஆரம்பம் இவ்வளவு தான். இதெல்லாம் 1950-கள்ல எங்க மலையடிவாரத்துல ஒரு மனுஷன் ராத்திரி ராத்திரியா செஞ்சுகிட்டு இருந்தார். டர்ன்டேபிளுக்குப் பதிலா அவர்கிட்ட ஹார்மோனியம் இருந்தது.

ஊரைச் சொல்லிடறேன். போடிநாயக்கனூர்ல இருந்து தெற்கே சிலமலை, ராசிங்கபுரம், தேவாரம் தாண்டிப் போனா பண்ணைப்புரம். அதையும் தாண்டினா கோம்பை, உத்தமபாளையம். பஸ்ல வலது பக்க ஜன்னல் கிடைச்சா வழி முழுக்க மலை தான். மலை உச்சி வரைக்கும் தமிழ்நாடு, அந்தப் பக்கம் சரிவு கேரளா. இப்ப இது தேனி மாவட்டம். 1996 வரைக்கும் மதுரை மாவட்டம். வரதராஜன் பண்ணைப்புரத்துக்காரர். அப்பா டேனியல் ராமசாமி. கிறிஸ்தவத்துக்கு மாறின, ஒடுக்கப்பட்ட சாதிக் குடும்பம். தம்பிகள் பாஸ்கர், ராசையா, அமர்சிங். ராசையா 1943-ல பிறந்தவர், அமர்சிங் 1947. கடைசி ரெண்டு பேரும் பின்னாடி இளையராஜா, கங்கை அமரன்னு ஆனாங்க.

இந்த ஊர்களுக்கெல்லாம் அந்த மலை வெறும் சீனரி இல்ல. மலை தான் சோறு. போடியில ஏலக்காய் ஏலம் நடக்குது, ஆனா காய் விளையறது மேல, கேரளாப் பக்கம். காலங்காலமா எடுக்கப் போறது கீழ இருக்கிற நம்ம ஆளுங்க. எங்க அம்மாச்சி முப்பது வருஷத்துக்கு மேல காயெடுக்கப் போயிருக்கு. இப்பவும் விடியக்காலம் முந்தல் செக்போஸ்ட் பக்கம் போய் நின்னா, பொம்பளைங்களை அடைச்சுகிட்டு ஜீப் ஜீப்பா போடிமெட்டு ஏறும். 17 கொண்டை ஊசி வளைவு. மேல போனா பூப்பாறை, அப்படியே தேவிகுளம், மூணார். அங்க ஏலத்தோட்டம் முடிஞ்சு தேயிலை ஆரம்பிக்கும். தேயிலை எஸ்டேட்டுல கொழுந்து கிள்ளுறதும் மதுரை, திருநெல்வேலிப் பக்கத்துல இருந்து பல தலைமுறைக்கு முன்னாடி போன தமிழ்க் குடும்பங்கள் தான். லயத்துல பத்துக்குப் பத்து ரூம்ல வாழ்க்கை. கங்காணி, கணக்குப்பிள்ளை, அதுக்கு மேல துரைனு ஒரு ஏணி. அந்த ஏணியோட அடிப்படியில நின்ன ஜனங்க தான் வரதராஜனோட ஆடியன்ஸ்.

அவர் கம்யூனிஸ்ட் கட்சி மேடைப் பாடகர். பாட்டும் அவரே எழுதுவார், மெட்டும் அவரே போடுவார், பாடறதும் அவரே. பாவலர்ங்கிற பட்டம் பேரோட ஒட்டிகிட்டு, கடைசியில வெறும் பாவலர்னு சொன்னாலே அவர் தான்னு ஆகிடுச்சு. நாட்டுப்புற மெட்டு நிறைய எடுப்பார். கூடவே அப்ப ஹிட்டான சினிமாப் பாட்டோட மெட்டை எடுத்து, அதுல கூலியும் விலைவாசியும் அரசாங்கமும் பத்தின வரிகளைப் போட்டுப் பாடுவார்.

இந்த சினிமா மெட்டு விஷயத்துல கொஞ்சம் நிக்கணும். நான் முதல்ல இதைக் கேட்டப்ப, சொந்த மெட்டு போடத் தெரியாதா, ஏன் காப்பி அடிக்கணும்னு தான் நினைச்சேன். அப்புறம் தான் புரிஞ்சது. ஈசிஈ படிக்கிறவங்களுக்கு ஈசியா சொல்லலாம்: மெட்டு கேரியர், வார்த்தை சிக்னல். வாய்ஸை அப்படியே தூரத்துக்கு அனுப்ப முடியாது, ஏற்கனவே நல்லா போய்ச் சேர்ற ஒரு அலை மேல ஏத்தி அனுப்பணும். டூரிங் டாக்கீஸ் ஒரு பாட்டை ஊர் ஊரா எல்லார் காதுலயும் ஏத்தி வச்சிருக்கும். பாவலர் அதே மெட்டை எடுத்தார்னா, கூட்டத்துக்குப் பாட்டு கத்துக்குடுக்க வேண்டியதே இல்ல. முதல் வரியிலயே தலை ஆடும். ரெண்டாவது வரியில, ஆமா இது அந்தப் படப்பாட்டாச்சே, ஆனா வார்த்தை வேறயா இருக்கேனு காது கூர்மையாகும். மூணாவது வரியில சிரிப்பு. மறுநாள் கொழுந்து கிள்ளும்போது அந்தப் பாட்டு வாயில வந்தா, ஒரிஜினலுக்குப் பதிலா பாவலர் வரி தான் வரும். எழுதப் படிக்கத் தெரியாத ஒருத்தர் அரசியலை மனப்பாடமா வீட்டுக்குக் கொண்டு போக இதைவிட நல்ல வழி அன்னைக்கு இருந்திருக்காது. இப்ப நாம சாம்பிளிங்னு சொல்றதோட வேலையும் இதான்.

மதுரைச் சீமைக்கு இது முழுக்கப் புதுசும் இல்ல. வெள்ளைக்காரன் காலத்துல விஸ்வநாததாஸ் முருகன் வேஷத்துல மேடை ஏறி, புராண நாடகத்துக்கு நடுவுல தேசபக்திப் பாட்டைச் செருகிப் பாடி, திரும்பத் திரும்ப ஜெயிலுக்குப் போனார். 1940-ல மேடையிலயே உயிரை விட்டார். பாவலர் அந்த வழியில வந்தவர். ஆனா இவருக்கு வேஷம் கிடையாது, புராணம் கிடையாது. நேரா விஷயம் தான்.

இப்ப தேவிகுளத்துக்கு வருவோம்.

1956 நவம்பர் 1-ந் தேதி மொழிவாரியா மாநிலங்கள் பிரிஞ்சது. கன்னியாகுமரிப் பக்கத் தாலுகாக்களும் செங்கோட்டையும் நம்ம பக்கம் வந்துச்சு. தேவிகுளம், பீர்மேடு வரல. அங்க இருக்கிற தொழிலாளிங்க பெரும்பாலும் தமிழர்கள், அதனால தமிழ்நாட்டோட சேர்க்கணும்னு பெரிய போராட்டம் நடந்து, தோத்து, ஆறாத புண்ணா இருந்த நேரம் அது. அடுத்த வருஷமே, 1957-ல, கேரளாவுல முதல் சட்டமன்றத் தேர்தல். கம்யூனிஸ்ட் கட்சி 126-ல 60 சீட் ஜெயிச்சு, சில சுயேச்சைகள் ஆதரவோட ஆட்சிக்கு வந்தது. இ.எம்.எஸ். நம்பூதிரிபாட் முதலமைச்சர். எண்ணிப் பாருங்க, பெரும்பான்மை நூலிழை தான். ஒரு சீட் போனாலும் கை நடுங்கும்.

போகப் பார்த்த அந்த ஒரு சீட் தான் தேவிகுளம். அங்க ஜெயிச்சிருந்த ரோசம்மா புன்னூஸோட தேர்தல் செல்லாதுன்னு ஆகிடுச்சு. எதிர்த்து நிக்க வந்தவரோட வேட்புமனுவைத் தப்பா நிராகரிச்சுட்டாங்கங்கிறது வழக்கு. 1958-ல இடைத்தேர்தல். உலகத்துலயே தேர்தல் மூலமா வந்த கம்யூனிஸ்ட் ஆட்சிகள் விரல் விட்டு எண்ணுற அளவு தான் அப்ப. அதனால கேரளா மட்டுமில்ல, டெல்லியும் அந்த மலையையே பார்த்துகிட்டு இருந்தது.

வேட்பாளர் ஒரு மலையாளி வக்கீல். ஓட்டுப் போடறது தமிழ்த் தொழிலாளிங்க. ரெண்டு வருஷம் முன்னாடி தான் அந்த ஜனங்ககிட்ட, நீங்க எந்த மாநிலம்னு ஒரு கேள்வி கேட்டு, அவங்க பதிலைக் காதுல வாங்காமயே முடிச்சிருந்தாங்க. இப்ப அவங்ககிட்ட போய் ஓட்டு கேக்கணும். பேச்சாளர் எவ்வளவு பேசினாலும் மொழி இடிக்கும். அந்த இடத்துல தான் பண்ணைப்புரத்துல இருந்து ஒருத்தர் ஹார்மோனியத்தோட மலையேறினார்.

அப்ப காங்கிரஸ் சின்னம் நுகத்தடி பூட்டின இரட்டைக் காளை. கம்யூனிஸ்ட் கட்சிக்கு கதிர் அரிவாள். பாவலர் அந்த ரெண்டு காளையையும் பிடிச்சுகிட்டார். மாட்டிகிட்டு முழிக்கிற வெட்கங்கெட்ட மாடுகளா அதுங்களைக் காட்டி ஒரு கேலிப்பாட்டு கட்டினார். கட்சிக்காரங்க வட்டாரத்துல அந்தப் பாட்டைப் பத்தி இன்னைக்கும் பேசறாங்க. யோசிச்சுப் பாருங்க, சின்னத்துல இருக்கிற மாட்டைக் கலாய்ச்சா மாடு வந்து கேஸ் போடுமா? கேக்கற தொழிலாளி எல்லாருமே கிராமத்துல மாடு பார்த்தவங்க. கொள்கை விளக்கம் அரை மணி நேரம் பேசியும் வராத சிரிப்பு நாலு வரியில வந்துடும். டூபாக் ரசிகர்கள் டிஸ் டிராக்னு எதைச் சொல்றாங்களோ, அது இது தான். அடி பட்டவன் திருப்பி அடிக்கவும் முடியாம சிரிக்கவும் முடியாம நிக்கணும்.

ரோசம்மா புன்னூஸ் ஜெயிச்சார். அந்த வெற்றியில பாவலர் பாட்டுக்குப் பெரிய பங்கு உண்டுனு இ.எம்.எஸ்.ஸே மேடையில சொன்னதா அவரோட தம்பிகள் பல இடத்துல நினைவு கூர்ந்திருக்காங்க. இதுல எனக்கு ஒரு சந்தேகமும் உண்டு. ஒரு பாட்டு ஒரு தேர்தலை ஜெயிக்க வைக்கும்னு நான் நம்பல. எஸ்டேட்ல வருஷக்கணக்கா யூனியன் வேலை செஞ்சவங்க, லயம் லயமா நடந்தவங்க எத்தனையோ பேர் இருப்பாங்க, அவங்க பேரை யாரும் மேடையில சொல்றதில்ல. ஆனா அந்த வேலை எல்லாம் ஒரு ராத்திரி ஒரே இடத்துல கூடி, கை தட்டி, ஒண்ணா சிரிக்க ஒரு ஆள் தேவைப்பட்டிருக்கும். அந்த ஆள் பாவலர்ங்கிறதுல எனக்கு சந்தேகமே இல்ல.

இந்தக் கதையை இங்கயே கட் பண்ணினா சூப்பரா இருக்கும். ஆனா அதே 1958-ல, சில மாசம் கழிச்சு அக்டோபர்ல, மூணார் தேயிலைத் தோட்டங்கள்ல பெரிய வேலைநிறுத்தம் நடந்துச்சு. போலீஸ் துப்பாக்கியால சுட்டதுல ரெண்டு தொழிலாளிங்க செத்தாங்க. ஆட்சியில இருந்தது அதே அரசாங்கம். பாட்டு கேட்டு ஓட்டு போட்ட அதே மலை. இடதுசாரி மேடைகள்ல இடைத்தேர்தல் கதையைச் சொல்ற அளவுக்கு இந்தக் கதையைச் சொல்றதில்ல. அடுத்த வருஷம், 1959 ஜூலை 31-ந் தேதி, மத்திய அரசு அந்த ஆட்சியையே கலைச்சுடுச்சு. பாவலரோட வாழ்க்கையிலயே பெரிய வெற்றினு எல்லாரும் சொல்ற அந்த ஆட்சியோட ஆயுசு, மொத்தமா ரெண்டேகால் வருஷம்.

பாவலர் பாடறதை நிறுத்தல. இந்தக் காலத்துல தான் தம்பி ராசையா குழுவுக்குள்ள வர்றார். வயசு 14. குழந்தைக் குரல், அதனால பெண் குரல் பாட்டெல்லாம் அவருக்கு. மகரக்கட்டு உடைஞ்சு குரல் மாறினதும் அந்த வேலை போச்சு. அப்புறம் தான் ஹார்மோனியம் பக்கம் கை போகுது. அதுவும் சும்மா போகல. அண்ணன் ஹார்மோனியத்தை யாரும் தொடக்கூடாது, தொட்டா அடி விழும். அண்ணன் வெளிய போன நேரம் பார்த்து எடுத்து வாசிச்சுப் பழகினதா இளையராஜா எத்தனையோ மேடையில சொல்லியிருக்கார். எனக்கு இந்த இடம் பிடிக்கும். ஏன்னா அண்ணனைப் பத்தின மத்த கதைகள்ல அவர் ஒரு சிலை மாதிரி தான் இருக்கார். இதுல தான் தன் பொருளைத் தம்பி தொட்டா கோபப்படுற ஒரு சாதாரண அண்ணனா தெரியறார். ஒரு பாடகனுக்கு அந்தப் பெட்டி தான் மொத்த ஸ்டுடியோ. நம்ம லேப்டாப்பைக் கேக்காம எடுத்தா நாம விடுவோமா?

பாவலர் பிரதர்ஸ்னு பேர். அண்ணன் தம்பிங்க சேர்ந்து பத்து வருஷத்துக்கு மேல தென்னிந்தியா முழுக்கச் சுத்தினாங்க. கட்சிக் கூட்டம், மாநாடு, தேர்தல், எஸ்டேட் யூனியன் விழானு ராத்திரி ராத்திரியா பாட்டு. இசைக் கல்லூரியில கிடைக்காத படிப்பு இது. கூட்டம் கலையப் போகுதுன்னா அந்த நிமிஷமே மெட்டை மாத்தணும். கரண்ட் இல்லைன்னா தொண்டையை வச்சுச் சமாளிக்கணும். கிழவிக்கும் புரியணும், காலேஜ் பையனுக்கும் போரடிக்கக் கூடாது. 1964-ல நேரு இறந்தப்ப கண்ணதாசன் எழுதின இரங்கல் கவிதைக்கு ராசையா மெட்டு போட்டார். இளையராஜாவோட முதல் கம்போசிஷன்னு சொல்றது அதைத் தான். காளை மாட்டைக் கலாய்ச்ச அதே மேடையில இருந்து, அந்தக் கட்சித் தலைவருக்கு ஒரு ஒப்பாரி. அதே 1964-ல கம்யூனிஸ்ட் கட்சியும் ரெண்டா உடைஞ்சது.

1960-களோட கடைசியில தம்பிங்க மூணு பேரும் மெட்ராஸுக்குக் கிளம்பினாங்க. வீட்டுல இருந்த ரேடியோவை வித்து அம்மா சின்னத்தாயி காசு குடுத்து அனுப்பின கதை எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கும். அல்லிநகரத்துக்காரர் பாரதிராஜா, சுகாதார ஆய்வாளரா இந்தப் பக்கம் வேலை பார்த்தப்ப இவங்களோட சிநேகமானவர், அவரும் சினிமா கனவோட அங்க தான் இருந்தார். பின்னாடி தமிழ் சினிமாவையே திருப்பிப் போட்ட கூட்டணி அப்படித் தான் ஆரம்பிச்சது.

பாவலர் போகல.

ஏன் போகலன்னு நிறைய பேர் நிறைய விதமா சொல்லுவாங்க. எனக்குத் தோணுறது ஒண்ணு தான். சினிமாவுல பாட்டுக்கு ஒரு கதை வேணும், ஒரு ஹீரோ வேணும், டைரக்டர் சொல்ற சிச்சுவேஷன் வேணும். இவரோட சிச்சுவேஷன் எல்லாம் அன்னைக்குக் காலையில எஸ்டேட்ல நடந்தது. அதைச் சாயங்காலமே பாடணும், அடுத்த வாரம் அது பழசு. இதே கட்சி உணர்வோட இதே காலத்துல எழுதின பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் சினிமாவுக்குப் போனார். 1959-ல 29 வயசுல இறந்துட்டார், ஆனா அவர் பாட்டு எல்லாம் இசைத்தட்டுல ஏறியிருந்ததால இன்னைக்கும் டீக்கடையில கேக்கலாம். பாவலர் பாட்டு காத்துல தான் ஏறுச்சு.

1976-ல அன்னக்கிளி வந்து, தமிழ்நாடு முழுக்க அந்தப் பாட்டு அலறினப்ப பாவலர் உயிரோட இல்ல. நடுவயசு கூட முழுசா தாண்டாம போயிட்டார். தன்கிட்ட அடி வாங்கி ஹார்மோனியம் பழகின தம்பி என்ன ஆனான்னு அவர் பார்க்கல. தம்பிங்க அவர் பேரை விடல. பாஸ்கர் ஆரம்பிச்ச படக் கம்பெனிக்குப் பேர் பாவலர் கிரியேஷன்ஸ். 1981-ல அலைகள் ஓய்வதில்லை, 1989-ல ரஜினியோட ராஜாதி ராஜா எல்லாம் அந்தப் பேர்ல வந்தது தான். அடுத்த தடவை டிவியில போட்டா டைட்டில் கார்டைப் பாருங்க. எஸ்டேட் தொழிலாளிக்காக வாங்கின பட்டம், சூப்பர்ஸ்டார் படத்துக்கு மேல வரும். அது மரியாதையா இல்ல வேடிக்கையானு எனக்கு இன்னும் முடிவு பண்ண முடியல. ரெண்டும் தான் போல.

எங்க ரூம் போஸ்டருக்குத் திரும்பி வர்றேன். டூபாக் 1971-ல பிறந்து 1996-ல 25 வயசுல சுட்டுக் கொல்லப்பட்டார். அவங்க அம்மா அஃபெனி ஷகூர் பிளாக் பாந்தர் கட்சியில இருந்தவங்க. அரசியல் அவருக்குத் தாய்ப்பாலோட வந்தது. உயிரோட இருந்தப்ப சோலோவா வந்தது நாலு ஆல்பம் தான். செத்த பிறகு வந்தது அதைவிட அதிகம். காரணம் சிம்பிள்: ஸ்டுடியோவுல டேப் இருந்தது. டேப் இருந்தா செத்தவனும் பாடலாம்.

பாவலருக்கு அது இல்ல. அவர் வரிகள் கொஞ்சம் அச்சுல இருக்கு, தம்பிங்க மேடையில பாடிக் காட்டின துண்டுகள் யூட்யூப்ல இருக்கு. அவரோட சொந்தக் குரலை ஒரு மாசமா தேடினேன், எனக்குக் கிடைக்கல. ஒரு ராப்பரைப் பத்தி எழுதிட்டு, லிங்க் எங்கனு கேட்டா குடுக்க ஒண்ணும் இல்லாம நிக்கிறேன். அவர் பாடினது கலப்படம் இல்லாத நேரடி நிகழ்ச்சி. இசைத்தட்டு கம்பெனி எதுக்கு எஸ்டேட் கூலிப் பாட்டை ரெக்கார்டு பண்ணப் போகுது? வாங்கறவனுக்குக் கிராமபோன் வேணுமே. கிராமபோன் வாங்க முடிஞ்சவன் இந்தப் பாட்டைக் கேக்க மாட்டான், கேக்கறவன் வீட்டுல அரிக்கேன் லைட்டே பெருசு.

ஒரு ஒப்பீடுக்கு: 2021-ல என்ஜாய் எஞ்சாமி வந்தப்ப நாம எல்லாரும் ரீல்ஸ்ல ஆடினோம். அதை எழுதின அறிவோட பாட்டி வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்துல வேலை பார்த்தவங்க. மலை வேற, கடல் வேற, ஆனா ஏணியோட அதே கடைசிப் படி. அந்தப் பாட்டுல ஒரு பேரன் பாட்டியோட குரலைக் கொண்டு வந்தான், ரெக்கார்டும் ஆச்சு, உலகமே கேட்டுச்சு. அதைக் கேட்டப்ப தான் எனக்கு, நம்ம மலையில பாடினதெல்லாம் எங்க போச்சுன்னு முதல்ல தோணுச்சு.

2015-ல மூணார்ல தமிழ்ப் பெண் தொழிலாளிங்க போனஸுக்காக ரோட்ல உக்காந்தாங்க. பெண்கள் ஒற்றுமைனு அர்த்தம் வர்ற மாதிரி பொம்பிளை ஒருமைனு பேர். யூனியன் தலைவருங்க யாரையும், எந்தக் கட்சியா இருந்தாலும், பக்கத்துல விடல. அந்த வீடியோக்கள்ல அவங்க கோஷம் போடறதைப் பாருங்க. தாளம் தப்பாது. எதுகை வந்து தானா உக்காரும். அந்தப் பெண்கள்ல சிலரோட பாட்டிகள் 1958-ல பாவலர் மேடைக்கு முன்னாடி உக்காந்திருந்திருக்கலாம்.

போன லீவுல ஊருக்குப் போனப்ப அம்மாச்சிகிட்ட கேட்டேன். அம்மாச்சி 1958-ல சின்னப் பிள்ளை. அதோட அம்மா கூட ஏலத்தோட்டத்துல ஸ்டோர் பக்கத்துல விளையாடிகிட்டு இருந்த வயசு. பாவலர்னு பேர் சொன்னேன், தெரியலன்னுச்சு. கட்சிப் பாட்டு ஏதாவது ஞாபகம் இருக்கானு கேட்டேன். கொஞ்ச நேரம் முறத்துல அரிசி புடைச்சுகிட்டே இருந்துச்சு. அப்புறம் ஒரு பழைய சினிமாப் பாட்டு மெட்டை முணுமுணுத்துச்சு, ஆனா வார்த்தை அந்தப் படத்து வார்த்தை இல்ல. கூலியைப் பத்தி ஏதோ. ரெண்டு வரி தாண்டல, மிச்சம் மறந்துபோச்சுன்னு சிரிச்சுச்சு. யார் எழுதினது, அவரா வேற யாராவதானு அதுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. நான் ஃபோனை எடுத்து ரெக்கார்டர் ஆன் பண்றதுக்குள்ள அது அடுப்பைப் பார்க்கப் போயிடுச்சு. பொங்கலுக்குப் போகும்போது திரும்பக் கேக்கணும்.

தேவாரம், கோம்பை, கம்பம், போடிப் பக்கத்துல இருந்து நம்ம காலேஜுக்கு வந்திருக்கிறவங்க யாராவது இதைப் படிச்சா, வீட்டுல எழுபத்தஞ்சு வயசுக்கு மேல இருக்கிறவங்ககிட்ட ஒரு தடவை கேளுங்க. ஃபோனை முதல்லயே ஆன் பண்ணி வச்சுக்கோங்க.

லீவு முடிஞ்சு கிளம்பின அன்னைக்குக் காலையில, முந்தல்ல சித்தப்பாவைப் பார்க்கப் போயிருந்தேன். ஜீப் ஒண்ணு நின்னுகிட்டு இருந்துச்சு. பின்னாடி பன்னெண்டு பேர், தலையில துண்டு, மடியில தூக்குவாளி. டிரைவர் வண்டியை ஸ்டார்ட் பண்ணி ஸ்பீக்கரைப் போட்டார். இளையராஜா பாட்டு. பாட்டோட ஜீப் முதல் வளைவுல திரும்பி மேல ஏறிடுச்சு.